பனிச் சன்னலில் பார்த்த தாடை

பீர்மேட்டில் எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் பல் பார்க்கும் அறைக்கு ஒரே ஒரு சன்னல்தான். அதன் கீழே ஒரு காலித் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். பல் டாக்டரம்மா ஆள் குட்டை. எக்ஸ்ரே படம் வந்தால் அந்தப் பெட்டியின் மேல் ஏறி நின்று, படத்தை இரண்டு கையாலும் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார். படம் பார்க்கும் விளக்குப்பெட்டி ஒன்று அந்த அறையில் இருக்கத்தான் செய்தது. ஆனால் எங்கள் மலையில் மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். வந்தாலும் பல்பு அழுது வடியும். வெயில் வெளிச்சத்தையும் டாக்டரம்மா நம்பமாட்டார். மதியத்துக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து, தேயிலைச் சரிவு, ரோடு, சவுக்கு மரம் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டுச் சன்னலை வெள்ளைத் தாள் மாதிரி ஆக்கும். அதற்காகக் காத்திருப்பார். "வெயில் ஒரு பக்கத்தைக் கூட்டிக் காட்டும், ஒரு பக்கத்தைக் குறைச்சுக் காட்டும். பனிக்கு அந்த ஓரவஞ்சனை கெடையாது கேட்டயா" என்பார்.

அவர் பாலக்காட்டுக்காரர், கல்பாத்திப் பக்கம். வாரத்துக்கு ஒருநாள் கீழேயிருந்து ஜீப்பில் வந்து எங்கள் சுற்று வட்டாரத்து எஸ்டேட் ஆட்களுக்கெல்லாம் பல் பார்த்துவிட்டுப் போவார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை விளைகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஃபிளாஸ்கில் வீட்டிலிருந்து கொண்டுவந்த காபியை மட்டுமே குடிப்பார். இதை எங்கள் ஜனங்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை. பனி ஏறுகிறவரை அவர் காபி குடிப்பதையும், வராந்தாவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் காத்திருப்பதையும் பார்த்தால், வைத்தியம் பார்க்க வந்தவரா வானிலை பார்க்க வந்தவரா என்று யாருக்கும் சந்தேகம் வரும். எனக்கும் வந்தது. அவர் கையில் என் தாடை போய்ச் சேருகிறவரை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. நான் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. அப்பா இல்லை. அம்மா கொழுந்து கிள்ளித்தான் என்னைப் படிக்கவைத்தாள். கூலியாட்களின் லயத்து வீடுகளில் பிறந்த பிள்ளை, அதே லயத்துப் பிள்ளைகளுக்கு டீச்சர் என்பதில் அவளுக்கு வந்த தலைக்கனத்தைச் சொல்லி முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். அப்போது அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து, தானே எழுதிக்கொடுத்த மாதிரி தலையாட்டிக்கொண்டிருப்பாள். எனக்குக் கனத்த குரல். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கோடியில் மாங்காய் திருடுகிறவன் இறங்கி வருவான். என் சொத்து என்று அன்றைக்கு இருந்தது அந்தக் குரல் ஒன்றுதான்.

அந்த வருஷம் மழை விடுகிற சமயத்தில் என் வலது தாடை வீங்க ஆரம்பித்தது. வலி பெரிதாக இல்லை. ஆனால் முகம் ஒரு பக்கம் கோணிக்கொண்டு வந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் பொன்னுக்கு வீங்கி என்றார்கள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் இறங்கும் என்று பக்கத்து வீட்டிலிருந்து இரவல் சங்கிலி வந்தது. இறங்கவில்லை. பிறகு அம்மா காவிக்கல்லை உரைத்து, சுண்ணாம்பு சேர்த்துக் குழைத்து, தினமும் காதடியிலிருந்து தாடையைத் தாண்டிக் கழுத்துவரை மூன்று விரலால் இழுத்துப் பத்து போட்டாள். பத்தைக் கழுவக் கூடாது. காய்ந்து இறுகினதன் மேலேயே மறுநாள் பத்தும் விழும். சிவப்பும் வெள்ளையுமாகக் கன்னம் சுவர் மாதிரி இறுகிப்போனது. அதன்மேல் கம்பளி மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். பிள்ளைகள் பயந்து ஒழுங்காகப் படித்தார்கள்.

பத்துக்கும் அடங்காமல்போகவே, டிஸ்பென்சரியில் சீட்டு எழுதிக்கொடுத்து, கீழே டவுனில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதல் நாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். அன்றைக்குத் தூறலோடு நல்ல குளிர். வயசுப் பெண் மஃப்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று எடுத்தவர் அதை அவிழ்க்கச் சொல்லவில்லை. துணிதானே, படத்தில் தெரியவா போகிறது? மறுநாள் காலையில் பெரிய டாக்டர் பார்ப்பார் என்றார்கள். பெரிய டாக்டர் முன்னால் அந்தக் கோலத்தில் போய் நிற்கமுடியுமா? அம்மா வெந்நீர் வாங்கிவந்து, ஊறவைத்து ஊறவைத்துப் பத்தை முழுவதும் கழுவித் துடைத்தாள். ஆக, படம் எடுத்தவர் பத்தைப் பார்க்கவில்லை. படத்தைப் படித்த டாக்டரும் பத்தைப் பார்க்கவில்லை. அவர் முன்னால் கழுவிவிட்ட கன்னம் ஒன்றும், கறுப்புக் குழியும் வெள்ளைக் கீறலுமாக ஒரு படமும்தான் இருந்தன.

அவர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்து அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டுதான் சொன்னார். எலும்பில் கெட்ட வியாதி. தாடையின் வலது பாதியை எடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள். அதற்குமுன் ஒரு பல் டாக்டரிடம் காட்டி வாயைச் சுத்தம் செய்துகொண்டு வாருங்கள். அப்புறம் பேச வருமா என்று நான் கேட்டேன். "உயிர் முக்கியம்மா" என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பதே எனக்குப் பதிலாகத் தெரிந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா படக் கவரை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். வளைவுக்கு வளைவு தெரிகிற ஊர்ப் பெயர்கள், கடைப் பலகைகள், குறுக்கே போன மாடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இருக்கிறவரை செலவழித்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. செத்துப்போவோம் என்ற பயத்தைவிட, பிள்ளைகள் முன்னால் நின்று 'ழ' சொல்ல வராமல் போகுமே என்ற பயம்தான் என்னைப் பிடுங்கித் தின்றது.

டாக்டரம்மாவிடம் நாங்கள் போனது வாயைச் சுத்தம் செய்துகொள்ளத்தான். வேறொன்றையும் எதிர்பார்த்துப் போகவில்லை. அம்மா படம் இருந்த பழுப்புக் கவரை நீட்டி, "அடுத்த திங்கக்கெழம தாடைய எடுக்காவளாம் டாக்டரம்மா. அதுக்கு முன்ன பல்ல சுத்தம் பண்ணிட்டு வரச் சொன்னாவ. எம் பிள்ள வாய வச்சுதாம்மா பொழைக்கா" என்று சொல்லி முடிப்பதற்குள் தேம்பிவிட்டாள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. கவரை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, சன்னலைப் பார்த்தார். வெளியே இன்னும் வெயில். "பனி ஏறட்டும்" என்றார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தாடை போகிறது என்று வந்து நிற்கிறோம், இந்த அம்மாள் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறாளே என்று பற்றிக்கொண்டு வந்தது.

பனி ஏறியது. அவர் பெட்டிமேல் ஏறினார். படத்தைக் கண்ணாடியில் வைத்தார். எனக்கும் அது தெரிந்தது. தாடையின் பின்பாதியில் ஒரு கறுப்புக் குழி, அதன்மேலும் சுற்றிலும் வெள்ளைக் கீறல்கள். யார் பார்த்தாலும் கண் நேராக அங்கேதான் போய் விழும். அவர் கண் மட்டும் போகவில்லை. படத்தின் மேல்மூலையில் ஆரம்பித்து ஓரத்தோடு ஓரமாக இறங்கினார். காதெலும்பு, தாடைப் பொருத்து, கழுத்துப் பக்கம், முகவாய். பிறகு பல்லுக்கு வந்து, ஒவ்வொன்றாக வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போனார். ஜெபம் சொல்கிற மாதிரி இருந்தது. பொறுக்காமல் நான், "டாக்டர், அது இங்கதான இருக்கு" என்று குழியைக் காட்டினேன். தலையைத் திருப்பாமலே சொன்னார்: "கண்ணு இழுக்கற எடத்துக்குக் கடைசியிலயாக்கும் போணும். மொதல்ல போயிட்டா அப்பறம் மத்ததொண்ணும் தெரியாது."

கடைசியாக அங்கே வந்தார். வந்தவர் கொஞ்சம் பின்வாங்கி மறுபடியும் கழுத்துப் பக்கம் போனார். திரும்பவும் வந்தார். படத்தைச் சற்றுச் சாய்த்தார். "இந்தக் கோடெல்லாம் எலும்புலேந்து மொளைச்சிருந்தா எலும்புல வேர் இருக்கணும். இதுகள் எலும்பைக் கண்டுக்காமப் போறதே. எலும்பே இல்லாத எடத்துல ஆரம்பிச்சு, தாடையைத் தாண்டி, கழுத்து மேல எறங்கிப் போறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு அவர் விரல் அந்தக் கீறல்களின் மேல் மெதுவாக ஓடியது. ஒன்று நீளம், நடுவில் ஒன்று குட்டை, மறுபடி ஒன்று நீளம். அதே மாதிரி மறுபடியும். நீளம், குட்டை, நீளம். அவர் பெட்டியிலிருந்து இறங்கி, என்னைத் தாண்டி அம்மாவிடம் போனார்.

"கையைக் காட்டுங்கோ."

அம்மா ஒன்றும் புரியாமல் வலது கையை நீட்டினாள். கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்துப்போன கை. நடுவிரலில் நுனிக்கணு கிடையாது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகையில் கத்தி பட்டுப் போனது. டாக்டரம்மா அந்தக் கையை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தார். அப்புறம் சன்னலைப் பார்த்தார். "இவள் கன்னத்துல என்னத்தைப் பூசினேள்?"

இன்றைக்கு நினைத்தாலும் மயிர்க்கூச்செறிகிறது. ஒரு வார்த்தை எங்களிடம் கேட்காமல், கறுப்பும் வெள்ளையுமான ஒரு துண்டுப் படத்திலிருந்து, என் அம்மாவின் வெட்டுப்பட்ட விரலை அவர் கண்டுபிடித்திருந்தார்.

அம்மா பத்து போட்ட கதையைச் சொன்னாள். காவிக்கல்லும் சுண்ணாம்பும் காய்ந்து தடிப்பாக நின்றால் எக்ஸ்ரேயில் விழும் என்று டாக்டரம்மா விளக்கினார். "படத்துல முன்னாடி பின்னாடின்னு ஒண்ணு கெடையாது கேட்டயா. தோல், எலும்பு, பல்லு, அந்தப் பக்கத்துக் கன்னம், எல்லாம் ஒரே தாள்ல ஒண்ணு மேல ஒண்ணு படுத்திண்டிருக்கும். எது எந்த அடுக்குன்னு பிரிச்செடுக்கறதாக்கும் வேலை. இந்தக் கோடு எலும்புல இல்லை. தோல் மேலயாக்கும்." கோடுகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் ஒரு கறுப்பு வட்டம். அதன் அடியில் ஒரு பல் படுத்துக் கிடந்தது. அவர் முணுமுணுத்து எண்ணியதில் ஆளைக் காணாமல் போயிருந்த கடைசிக் கடைவாய்ப்பல் அது. முளைக்காமல் தாடைக்குள்ளேயே தங்கிவிட்டதாம்.

நல்லவேளையாக அப்போது மின்சாரம் இருந்தது; ஆஸ்பத்திரியின் சின்ன எக்ஸ்ரே மிஷினில் உடனே இன்னொரு படம் எடுத்தார். முதலில் என் கன்னத்தை அவரே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். காதிலிருந்த கம்மலைக் கழற்றவைத்தார். படத்தை இருட்டில் கழுவ அந்த ஆஸ்பத்திரியில் தனி அறை ஏது? சாமான் அறை வாசலில் எஸ்டேட் கம்பளி இரண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்குள் போய்விட்டுச் சொட்டச் சொட்ட ஈரப் படத்தோடு வந்து மறுபடி பெட்டிமேல் ஏறினார். இந்தமுறை அவசரப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. மேல்மூலையிலிருந்துதான் ஆரம்பித்தார். என் அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. கீறல்கள் இல்லை. பென்சிலால் சுழித்த மாதிரி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று கறுப்பு வட்டத்தைச் சுற்றி முழுசாக ஓடியது. எங்கும் அறுபடவில்லை. கெட்ட வியாதி இப்படி வரம்பு கட்டிக்கொண்டு வளராது, தின்றுகொண்டே போகும் என்றார். முளைக்காத பல்லைச் சுற்றி நீர் கட்டி, வருஷக்கணக்காக மெல்ல மெல்ல எலும்பைத் தள்ளிக்கொண்டு பெருத்த பை இது என்றார்.

அம்மா அவர் காலில் விழப் போனாள். அவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டு அதட்டினார். "நில்லுங்கோ. இதுதான்னு எனக்குத் தோணறது. தோணறதுக்கும் தெரியறதுக்கும் நடுவுல ஒரு ஊசி இருக்கு."

ஈறை மரத்துப்போக வைத்து, தடித்த ஊசியை உள்ளே இறக்கினார். எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்திருந்ததால் லேசாக நெரிந்து வழிவிட்டதை நான் உணர்ந்தேன். சிரிஞ்சில் வைக்கோல் நிறத்தில் தண்ணீர் ஏறியது. ரத்தம் இல்லை. சதை இல்லை. அதைச் சன்னலுக்கு நேராகப் பிடித்து அசைத்தார். உள்ளே பொடிப்பொடியாக ஏதோ மின்னியது. பழைய நீர்ப்பையில் அப்படி மின்னும் என்றார். அப்போதுதான் முதல் தடவையாக என் கண்ணுக்கு நேரே பார்த்தார். பார்த்துச் சிரித்தார். பிறகு காபியில் பாதியை மூடியில் ஊற்றி அம்மாவிடம் நீட்டினார். ஆயுசில் காபி குடித்தறியாத என் அம்மா அதை மடக்மடக்கென்று குடித்தாள்.

அம்மா அழ ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். "எங் கையாலதான இம்புட்டும். எம் பிள்ள தாடைய நானே வெட்டக் குடுக்கப் பாத்தேனே" என்று அந்தக் கையைச் சுவரில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா அதைப் பிடித்து நிறுத்தினார். "இந்த விரல் மட்டும் முழுசா இருந்திருந்தா நானும் சந்தேகத்துலயே நின்னிருப்பேன். இதுவாக்கும் எனக்கு வழி சொன்னது. இதையா அடிச்சுக்கறேள்?" என்றார். கீழே பார்த்த டாக்டரைப் பற்றி நான் கோபமாக ஏதோ சொன்னபோது என்னையும் விடவில்லை. "அவர் பார்த்தது கழுவின மொகம். அந்தக் கை அவருக்குத் தெரியாது. நான் படம் பார்க்கறச்சே உன் அம்மாவும் பக்கத்துல நின்னாளே, அதனால நான் தப்பிச்சேன்" என்றார். அன்றைக்கே அந்த டாக்டருக்கு விவரமாக எழுதி, இரண்டாவது படத்தையும் சேர்த்து அனுப்பினார். அவரும் பார்த்துவிட்டுச் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

எங்கள் ஆஸ்பத்திரியிலேயே வாய்க்குள் வழியாக அந்தப் பையையும் பல்லையும் எடுத்தார். எடுத்த பையின் தோலைப் பரிசோதனைக்கு அனுப்பி, கெடுதல் இல்லை என்று பதில் வருகிறவரை எனக்கு நல்ல வார்த்தை ஒன்று சொல்லவில்லை. வந்தபிறகும், "இனி கூழ் குடிக்கவேண்டாம், சோறு திங்கலாம்" என்றதோடு சரி. நான் மறுபடி வகுப்பில் நின்ற முதல் நாள் 'வாழை, கிழவி, மழை' என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற சாக்கில் நானே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச காலத்தில் டாக்டரம்மா வேறு ஊருக்கு மாறிப்போனார். எங்கே என்று தெரியவில்லை. போகும்போது என் இரண்டு படங்களையும் பழுப்புக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

மனிதர்களைப் பார்த்து நான் அவ்வளவு லேசில் அசந்துபோகிறவள் இல்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டியவளுக்கு அந்தப் பழக்கம் போய்விடும். ஆனால் அந்தப் பெட்டிமேல் எக்கி நின்ற குட்டை உருவத்தை நினைத்தால் இன்றைக்கும் நான் எழுந்து நிற்கிறேன். குழி கண்ணெதிரே இருக்க, அதைப் பார்க்காமல் மூலையிலிருந்து வர ஒரு மனசு வேண்டும். தான் கண்டது சரியென்று தோன்றியபிறகும் ஊசிக்காகப் பொறுத்திருக்க அதைவிடப் பெரிய மனசு வேண்டும். எலும்புக்குள் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது என்று ஜனங்கள் சொன்னார்கள். எனக்கென்னவோ, அவர் அவசரப்படாமல் பார்த்தார், அதுதான் அதிசயமாகத் தோன்றுகிறது.

வேலை மாற்றலாகி வந்த நான் இப்போது பாலக்காட்டுப் பக்கம் சித்தூரிலேயே தங்கிவிட்டேன். போன மாதம் இடதுபக்கப் பல் வலியென்று இங்கே ஒரு இளம் டாக்டரிடம் போனேன். நின்ற இடத்திலேயே இயந்திரம் தலையைச் சுற்றிவர, வாய் முழுவதும் கம்ப்யூட்டரில் வந்து நின்றது. வலது பக்கம் ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க டீச்சர், எலும்பு கெட்டியா இருக்குதுங்க" என்றார். குழி இருந்த இடம் அவர் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மூடியிருந்தது. மறுமுறை போகும்போது பழைய படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டாவதை ரசித்துப் பார்த்தார். முதல் படத்தைக் குழல்விளக்கில் காட்டிவிட்டு, "இது வீணாப் போச்சுங்க. கோடு கோடா உழுந்திருக்குது. இதை வெச்சிருந்து என்னங்க பண்றது?" என்றார். நல்ல பையன். படத்தை வாங்கி உறையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினேன். இந்த நெல்வயல் சீமையில் மூடுபனிக்கு எங்கே போவது? முதல் படத்தை அதன்மேல் பிடித்துக்கொண்டு, மேல்மூலையிலிருந்து ஆரம்பித்து ஓரமாக இறங்கினேன். காதெலும்பு, பொருத்து, முகவாய், பல் ஒவ்வொன்றாக. கண் இழுக்கிற இடத்துக்குக் கடைசியில்தான் போனேன். இப்போது என் கண்ணை இழுத்தது குழி இல்லை. அம்மா போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவளை உட்காரவைத்து ஒரு போட்டோ எடுத்ததில்லை. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வேட்டி வெளிச்சத்தில் என் கன்னத்தின் மேல் அவள் விரல்கள் இருந்தன. நீளம், நடுவில் குட்டை, நீளம்.

"அம்மா" என்று ஒருதரம் சத்தமாகக் கூப்பிட்டேன். சொல் முழுசாக வந்தது.